நாற்பத்தொன்றாம் பக்கம்

ஓல்ட்டனில் அக்டோபர் என்றால்
ஆரே ஆற்றிலிருந்து ஏறி வரும் மூடுபனி
எந்த ரயிலிலும் ஏறாமல்
மூன்று நாளாய் நிலையத்திலேயே நிற்கும்.

மரோனிக் கொட்டை சுட்டு விற்கும் ஒலிந்தோ
நேற்றைய பேப்பரைக் கூம்பாக்கி
நூறு கிராம் அளந்து தந்தார்.
பிரித்தால் இலக்கியப் பக்கம்:
இந்த ஆண்டுப் பரிசின் கடைசிச் சுற்றில்
ஐந்து நாவல்கள்.
நான்காவதன் பெயர் மேல் கரி.
பாலம் கடக்கும் வரை
ஒரு கொட்டை, ஒரு வரி,
ஒரு கொட்டை, ஒரு வரி.
புத்தகச் செய்தி எனக்கு வருவது இப்படித்தான்,
சூடாக, கொஞ்சம் தீய்ந்து.

பகலில் மருத்துவமனைச் சலவையறை.
வானொலியில் பரிசு அறிவிக்கும் நேரம்
நானும் பிரிஷ்டினாவிலிருந்து வந்த வியோல்ட்சாவும்
ஐந்து ஃபிராங்க் பந்தயம் கட்டினோம்.
ஐந்தில் ஒன்றைக்கூட இருவரும் படித்ததில்லை.
அவள் வென்றாள்.
அந்தக் காசுக்குக் காப்பி குடித்தோம்.

செவ்வாயும் வியாழனும் மாலையில் நகர நூலகம்.
திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிறேன்.
பூனை மயிர், புகையிலை, பாண் துணுக்கு,
பக்க அடையாளமாய் ஒரு பல்மருத்துவர் ரசீது.
யார் எதை எடுத்தார் என்று நான் பார்ப்பதில்லை.
பார்த்தாலும் மறந்துவிடுவேன்.
அந்த மறதிக்குத்தான் சம்பளம் என்று
நினைத்துக்கொள்வதுண்டு.

சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது.
கனமான தாள், பதினொரு கையெழுத்து.
இளையோர் அலமாரியில் நிற்கும் ஒரு நாவலைத்
தயவுகூர்ந்து அகற்ற வேண்டும்.
காரணம்: பக்கம் நாற்பத்தொன்று.

அதுவரை அதை எடுத்தவர்கள் இரண்டு பேர்.
அதன்பிறகு காத்திருப்போர் பத்தொன்பது.

ஓர் இரவு இரவல் வாங்கி
உலர்த்தி சுழலும் சத்தத்தில் படித்தேன்.
மோசமான புத்தகம்.
உவமைகள் பிழியாத துணிபோல் கனத்தன.
எல்லோரும் ஓயாமல் ஜன்னல் வழியே மழை பார்த்தார்கள்.
நாற்பத்தொன்றில் மட்டும்
ஒரு பெண் தன் தகப்பனிடம் சொல்கிறாள்:
'உங்கள் பயத்தை இனி நான் சுமக்க மாட்டேன்.'
தேறியது அந்த ஒரு பக்கம்தான்.

கூட்டத்துக்கு முன்னால் நூலகத் தலைவி ரெகுலா கேட்டாள்:
உங்கள் ஊரில் எரிந்த நூலகத்தைப் பற்றிப் பேசுவீர்களா?
மாட்டேன் என்றேன்.
அந்தச் சாம்பலை
ஒவ்வொரு கூட்டத்துக்கும் கையில் எடுத்துப் போக முடியாது.
இது இந்தப் புத்தகத்தின் வழக்கு.

ஃப்ளுக்கிகர் எழுந்தார், பதினொருவரில் முதல்வர்.
கெட்டவர் இல்லை. கை நடுங்கியது.
நாற்பது பக்கம் நடந்து அங்கே போனீர்களா,
நேரே அங்கேயே இறங்கினீர்களா என்று கேட்டேன்.
என் மனைவி சொன்னாள், என்றார்,
காதுமடல் சிவக்க.

என் ஜெர்மனைச் சிலர் பொறுமையிழந்து கேட்பார்கள்.
ஆனால் வினைச்சொல்லைக் கடைசிவரை
கைக்குள் மூடி வைத்திருக்க
அந்த மொழியும் சில வாக்கியங்களில் விடும்,
எனக்கோ அது பிறந்த பழக்கம்.
எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத இந்தப் புத்தகம்
இதே அலமாரியில்
இதே இடத்தில்
யாருக்கும் விளக்கம் சொல்லாமல்

எல்லோரும் வினைக்காகக் காத்திருந்தார்கள்

இருக்கட்டும்.

முடிவு நவம்பரில் சொல்வார்களாம்.
இதற்கிடையில் அந்தத் தாள் மட்டும் கழன்று வருகிறது.
எல்லோரும் அங்கேதான் திறக்கிறார்கள்.
பசை தடவி
இரண்டு அகராதிகளின் கீழே ஓர் இரவு வைத்தேன்.

நேற்று, பட்டியலில் அடுத்த ஆள் வந்தாள்.
பதினான்கு வயதிருக்கும், ஈரச் சப்பாத்து.
அட்டையில் இருந்த குடும்பப் பெயரை
நான் பார்க்கவில்லை.
விரல்களில் மரோனிக் கரி.
துடைத்துவிட்டுத் தொடு என்று
சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.